இரும்புச் சேர்மங்களின் வாய்பாடு எழுதுவது எப்படி: பெயரிலிருந்து தராசு வரை

சோடியம், கால்சியம் சேர்மங்களுக்குத் தடங்கல் இல்லாமல் வாய்பாடு எழுதுகிறவர்கள்கூட இரும்பிடம் வந்தால் தயங்குவார்கள். சோடியத்துக்கு எப்போதும் ஒரே மின்சுமைதான். இரும்பு ஒரு சேர்மத்தில் இரண்டாக நிற்கும், இன்னொன்றில் மூன்றாக நிற்கும், சில இடங்களில் இரண்டும் கலந்து நிற்கும். இதைப் பல இடங்களில் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க நான் பட்ட பாடு புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

வாய்பாடு தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் விஷயமில்லை. ஆய்வகத்தில் அதை வைத்துத்தான் எடை போடுகிறோம். எண் ஒன்று தவறினால் கரைசலின் செறிவு தவறும், அப்புறம் அதை நம்பிச் செய்த அத்தனை வேலையும் வீண். அதனால் பெயரைப் படிப்பதில் தொடங்கி, தராசில் உப்பை வைப்பது வரை போவோம்.

இங்கே வாய்பாடுகளைக் குறியீடுகளாகத் தராமல் "இரும்பு 2, ஆக்சிஜன் 3" என்று எண்ணிக்கையாகச் சொல்கிறேன். குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் அப்படியே மனப்பாடம் செய்யத் தோன்றும். எண்ணிக்கையாகச் சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தே ஆக வேண்டும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சேர்மத்துக்கும் குறியீட்டை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்.

1. முதலில் இரும்பின் மின்சுமையை முடிவு செய்யுங்கள்

வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சேர்மத்தில் இரும்பு இரண்டா, மூன்றா?

பழைய பெயர் முறையில் ஃபெரஸ் என்றால் +2, ஃபெரிக் என்றால் +3. புதிய முறையில் இரும்பு என்ற சொல்லை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் இருக்கும். ஃபெரஸ் குளோரைடும் இரும்பு இரண்டு குளோரைடும் ஒரே பொருள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. அந்த ரோமன் எண் மின்சுமையைச் சொல்கிறது, அணுக்களின் எண்ணிக்கையை அல்ல. இரும்பு மூன்று ஆக்சைடு என்றதும் மூன்று இரும்பு அணுக்களை எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அதில் இரும்பு 2, ஆக்சிஜன் 3. அந்தப் பெயரில் உள்ள மூன்று, ஒவ்வோர் இரும்பு அயனியும் +3 சுமையோடு இருக்கிறது என்பதை மட்டுமே குறிக்கிறது.

வெறுமனே "இரும்பு குளோரைடு" என்று கேள்வியிலோ புட்டியிலோ இருந்தால் ஊகித்து எழுதாதீர்கள், அந்தப் பெயர் முழுமையானதே அல்ல. நிறம் கொஞ்சம் துணை செய்யும். ஃபெரஸ் உப்புகளின் நீரேறிய படிகங்கள் பெரும்பாலும் வெளிர்பச்சை, ஃபெரிக் உப்புகள் பெரும்பாலும் மஞ்சள் அல்லது பழுப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஃபெரிக் படிகாரம் வெளிர் ஊதாவாக இருக்கும், ஃபெரிக் ஆக்சலேட் அணைவு உப்பு (இரும்பைச் சுற்றி வேறு அயனிகள் பிணைந்து ஒரே அயனியாக நிற்கும் உப்பு) நல்ல பச்சையாகவே இருக்கும்.

2. எதிர்மின் அயனிகளைக் கையோடு எழுதி வையுங்கள்

இரும்போடு அடிக்கடி வரும் அயனிகள் அதிகமில்லை. சுமை ஒன்று உள்ளவை குளோரைடு, ஹைட்ராக்சைடு, நைட்ரேட், சயனைடு, தயோசயனேட். சுமை இரண்டு உள்ளவை ஆக்சைடு, சல்பைடு, சல்பேட், கார்பனேட், ஆக்சலேட். சுமை மூன்று என்றால் பெரும்பாலும் பாஸ்பேட். எல்லாமே எதிர்ச்சுமை. இவற்றை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தால் தேர்வுக்கு முன் தேடி அலைய வேண்டாம்.

சல்பேட், சல்பைட், சல்பைடு மூன்றையும் நிதானமாகப் படியுங்கள். சல்பைடில் கந்தகம் மட்டும்தான். சல்பைட்டில் கந்தகம் 1, ஆக்சிஜன் 3. சல்பேட்டில் கந்தகம் 1, ஆக்சிஜன் 4. மூன்றுக்கும் சுமை ஒன்றே என்பதால், தவறாக எழுதினாலும் சுமைக் கணக்கு ஒழுங்காகச் சமன் ஆகிவிடும். கணக்கு சரியாக வந்துவிட்டதே என்ற நம்பிக்கையில் தவறு கண்ணில் படாமலே போய்விடும்.

3. சுமைகளைச் சமன் செய்யுங்கள்

சேர்மத்துக்கு மொத்த மின்சுமை கிடையாது. நேர்ச்சுமைகளின் கூட்டுத்தொகையும் எதிர்ச்சுமைகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

ஒரு சேர்மத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம், ஃபெரிக் சல்பேட். ஃபெரிக் என்பதால் இரும்பு +3. சல்பேட் −2. மூன்றுக்கும் இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6. நேர்ச்சுமை 6 வர வேண்டுமானால் இரும்பு இரண்டு வேண்டும். எதிர்ச்சுமை 6 வர வேண்டுமானால் சல்பேட் மூன்று வேண்டும். ஆகவே இரும்பு 2, சல்பேட் 3. அந்த மூன்று சல்பேட்டுக்குள் கந்தகம் 3, ஆக்சிஜன் 12. மொத்தம் 17 அணுக்கள். எழுதி முடித்ததும் அணுக்களை இப்படி எண்ணிப் பார்க்கப் பழகுங்கள். எடை போடும்போது இதே எண்கள்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

பல இடங்களில் குறுக்காக மாற்றும் முறையைச் சொல்லித்தருவார்கள். இரும்பின் சுமையை எதிர் அயனிக்குக் கீழும், அயனியின் சுமையை இரும்புக்குக் கீழும் போடுவது. வேகமான முறைதான், ஆனால் அது பாதி வேலை. ஃபெரஸ் ஆக்சைடுக்கு அப்படிச் செய்தால் இரும்பு 2, ஆக்சிஜன் 2 என்று வரும். அதைச் சுருக்கி 1, 1 ஆக்க வேண்டும். ஃபெரிக் பாஸ்பேட்டில் 3, 3 என்று வருவதும் அதேபோல 1, 1 ஆகும். ஃபெரஸ் பாஸ்பேட்டில் இரும்பு 3, பாஸ்பேட் 2. அதற்கு மேல் சுருங்காது.

சுருக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அயனிகளின் எண்ணிக்கையைச் சுருக்கலாம், அயனிக்குள் இருக்கும் அணுக்களைச் சுருக்கக் கூடாது. ஆக்சலேட் அயனியில் கார்பன் 2, ஆக்சிஜன் 4. ஃபெரஸ் ஆக்சலேட்டில் இரும்பு 1, ஆக்சலேட் 1. அந்த 2, 4 என்பதைப் பார்த்ததும் 1, 2 ஆக்கக் கை துறுதுறுக்கும். ஆக்கிவிட்டால் அது ஆக்சலேட்டே அல்ல.

பழகுவதற்கு ஃபெரஸ், ஃபெரிக் இரண்டையும் மேலே சொன்ன அயனிகள் ஒவ்வொன்றோடும் சேர்த்து எழுதிப் பாருங்கள். ஒரே உட்காரலில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு வாய்பாடு எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

4. குறியீட்டை எழுதும்போது

இரும்பின் குறியீட்டில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சிறியது. இரண்டாவதை விட்டுவிட்டு எஃப் மட்டும் எழுதினால் அது ஃபுளோரின். நேர்மின் அயனி முதலில், எதிர்மின் அயனி பிறகு.

எண்ணிக்கை கீழ்க்குறியாக, அது எந்த அணுவைச் சேர்ந்ததோ அதற்கு வலப்பக்கம் வரும். ஒன்று என்றால் எண்ணே எழுத மாட்டோம். மின்சுமை மேலே வரும், அதுவும் அயனியைத் தனியாக எழுதும்போது மட்டும்தான். முடிந்த வாய்பாட்டில் மின்சுமையை விட்டு வைக்காதீர்கள். பலர் சமன் செய்யும்போது எழுதிய கூட்டல் கழித்தல் குறிகளை அழிக்காமலே விடைத்தாளைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடைப்புக்குறிக்கு ஒரே விதி: ஒன்றுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட அயனி ஒன்றுக்கு மேல் வந்தால் அடைப்புக்குறி வேண்டும். ஃபெரிக் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு மூன்று, ஆகவே அடைப்புக்குறிக்குள் ஹைட்ராக்சைடு, வெளியே 3. அடைப்புக்குறி இல்லாமல் 3 போட்டால் அது ஹைட்ரஜனை மட்டும் மூன்றாக்கும், ஆக்சிஜன் ஒன்றாகவே நிற்கும். ஃபெரஸ் சல்பேட்டில் சல்பேட் ஒன்றே ஒன்று என்பதால் அடைப்புக்குறி தேவையில்லை.

5. விதியை மீறுவதுபோல் தெரியும் சேர்மங்கள்

என்னைப் பொறுத்தவரை இரும்பு வேதியியலில் சுவையான இடம் இதுதான். மேலே சொன்ன முறையை மட்டும் கற்றவர்கள் திணறுவதும் இங்கேதான். அதனால் இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

மேக்னடைட் எனும் காந்தத் தாதுவில் இரும்பு 3, ஆக்சிஜன் 4. ஆக்சிஜனின் மொத்தச் சுமை −8. அதை மூன்று இரும்புக்குப் பங்கிட்டால் ஆளுக்கு மூன்றில் எட்டுப் பங்கு வருகிறது, ஆனால் எந்த அயனிக்கும் பின்னச் சுமை கிடையாது. அங்கே இருப்பது ஒரு +2 இரும்பும் இரண்டு +3 இரும்பும். 2 + 3 + 3 என்று கூட்டினால் 8. பின்னத்தில் விடை வந்தால் உங்கள் கணக்கைச் சந்தேகிப்பதற்கு முன், இரண்டு வகை இரும்பு கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பைரைட்டில் இரும்பு 1, கந்தகம் 2. கந்தகத்துக்குத் தலா −2 போட்டால் இரும்பு +4 என்று வரும். அது தவறு. அதில் உள்ள இரண்டு கந்தக அணுக்களும் ஒன்றோடொன்று பிணைந்து, இரண்டும் சேர்ந்து −2 சுமையுள்ள ஒரே அயனியாக இருக்கின்றன. ஆகவே இரும்பு வெறும் +2 தான். பெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன் சேர்ந்திருப்பதும் இதே விதத்தில்தான்.

பொட்டாசியம் ஃபெரேட் இன்னொரு வகை. பொட்டாசியம் 2, இரும்பு 1, ஆக்சிஜன் 4. பொட்டாசியம் இரண்டும் சேர்ந்து +2, ஆக்சிஜன் நான்கும் சேர்ந்து −8, மீதி +6 இரும்பின் பங்கு. கரைசல் ஆழ்ந்த ஊதா நிறம். இரண்டு, மூன்று தவிர வேறு சுமையே இரும்புக்குக் கிடையாது என்று முன்முடிவு செய்யக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இரும்பு பென்டாகார்பனைலில் இரும்போடு ஐந்து கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள். அவற்றுக்குச் சுமை இல்லை, ஆகவே இரும்பின் சுமையும் சுழி.

அப்புறம், தாளில் சமன் ஆகிறது என்பதற்காக ஒரு சேர்மம் உலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஃபெரிக் அயோடைடுக்கு இரும்பு 1, அயோடின் 3 என்று அழகாக எழுதலாம். ஆனால் கரைசலில் ஃபெரிக் அயனி, அயோடைடை அயோடினாக மாற்றிவிட்டுத் தானும் ஃபெரஸ் ஆகிவிடும். ஃபெரிக் கார்பனேட்டும் அப்படியே. ஃபெரிக் உப்புக் கரைசலில் சோடியம் கார்பனேட் கரைசலைச் சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழியிட்டு வெளியேறும், பழுப்பு நிறத்தில் ஹைட்ராக்சைடு படியும். கணக்குக்காகக் கேட்டால் எழுதுங்கள். சோதனைக்குத் திட்டமிடும்போது இந்த உப்பு உண்மையில் கிடைக்குமா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

துருவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை ஃபெரிக் ஆக்சைடு என்று மட்டும் எழுதுவது போதாது. துரு நீரேறிய ஆக்சைடு, அதில் உள்ள நீரின் அளவு நிலையானது அல்ல. அதனால்தான் வாய்பாட்டில் நீருக்கு முன் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தைப் போடுகிறார்கள்.

6. அணைவு உப்புகளும் இரட்டை உப்புகளும்

ஃபெரோசயனைடு, ஃபெரிசயனைடு இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு. இரண்டிலும் ஓர் இரும்பைச் சுற்றி ஆறு சயனைடு. வித்தியாசம் முழுக்க இரும்பின் சுமையில்தான். ஃபெரோவில் இரும்பு +2, ஆறு சயனைடின் −6 சேர்ந்தால் மொத்தம் −4, அதைச் சமன் செய்யப் பொட்டாசியம் 4. ஃபெரியில் இரும்பு +3, மொத்தம் −3, பொட்டாசியம் 3. ஃபெரோசயனைடு மஞ்சள் படிகம், ஃபெரிசயனைடு சிவப்புப் படிகம். அணைவு அயனியைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். பொட்டாசியம் அதற்கு வெளியே.

இது பிடிபட்டுவிட்டால் பிரஷ்யன் நீலமும் எளிது. ஃபெரிக் அயனி +3, ஃபெரோசயனைடு அயனி −4, பொது மடங்கு 12. ஆகவே வெளியே ஃபெரிக் 4, உள்ளே ஃபெரோசயனைடு 3. ஒரே வாய்பாட்டில் இரும்பு இரண்டு இடத்தில், இரண்டு வேறு சுமையோடு வருகிறது. மொத்த இரும்பு 7.

ஆய்வகத்தில் அதிகம் கைக்கு வருபவை இரட்டை உப்புகள், அதாவது இரண்டு உப்புகள் சேர்ந்து ஒரே படிகமாக வருபவை. மோர் உப்பில் அம்மோனியம் 2, இரும்பு 1, சல்பேட் 2, நீர் 6. அம்மோனியம் இரண்டுக்கு +2, சல்பேட் இரண்டுக்கு −4, ஆக இரும்பு +2. ஃபெரிக் அம்மோனியம் படிகாரத்தில் அம்மோனியம் 1, இரும்பு 1, சல்பேட் 2, நீர் 12. அம்மோனியத்துக்கு +1, சல்பேட்டுக்கு −4, ஆக இரும்பு +3. ஒரே ஓர் அம்மோனியம் கூடுவதும் குறைவதும்தான் இரும்பை இரண்டா மூன்றா என்று காட்டிக்கொடுக்கிறது. அலமாரியில் இரண்டு புட்டிகளும் அடுத்தடுத்து நிற்கும், பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எடுக்கும் முன் வாய்பாட்டில் அம்மோனியத்தின் எண்ணைப் பாருங்கள்.

7. நீரை எண்ணாமல் விடாதீர்கள்

இதுவரை சொன்ன தவறுகள் மதிப்பெண்ணைக் குறைக்கும். இந்தத் தவறு செய்முறையையே கெடுக்கும்.

இரும்பு உப்புகளில் பல, படிக நீரோடுதான் கிடைக்கின்றன. வாய்பாட்டில் உப்புக்குப் பின் ஒரு நடுப்புள்ளி, அதன்பின் ஓர் எண், அதன்பின் நீர். அந்தப் புள்ளியைப் பெருக்கல் குறி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தனை நீர் மூலக்கூறுகள் கூடவே இருக்கின்றன என்பதுதான் அதற்குப் பொருள். எடையில் அவற்றைக் கூட்ட வேண்டும்.

ஃபெரஸ் சல்பேட்டின் பச்சைப் படிகத்தில், அன்னபேதி என்கிறோமே அதில், நீர் 7. மோலார் நிறையை, அதாவது ஒரு மோல் பொருளின் நிறையைக் கிராமில், கூட்டிப் பார்ப்போம். இரும்பு 55.845, கந்தகம் 32.06, ஆக்சிஜன் நான்குக்கு 63.996, நீர் ஏழுக்கு 126.105. மொத்தம் 278.01. நீர் இல்லாவிட்டால் 151.90 தான். ஏறத்தாழப் பாதி எடை நீர்.

ஃபெரிக் குளோரைடு இரண்டு விதமாகக் கிடைக்கும். நீரற்றது 162.20, ஆறு நீர் கொண்டது 270.30. ஒரு லிட்டர் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலுக்கு முதலாவதில் 16.22 கிராம் வேண்டும், இரண்டாவதில் 27.03 கிராம். ஆறு நீர் உப்பை எடுத்துக்கொண்டு நீரற்றதற்கான கணக்கில் 16.22 கிராம் போட்டால் கரைசல் 0.1 ஆக இராது, 0.06 தான். பார்வைக்குக் கரைசலில் எந்தக் குறையும் தெரியாது. சோதனை முடிவு ஏன் நாற்பது சதவீதம் குறைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு காரணத்தை வேறெங்கோ தேடுவீர்கள்.

8. புட்டி, சான்றிதழ், விலை

எடை போடும் முன் பார்க்க வேண்டிய ஆவணங்கள் மூன்று. முதலாவது புட்டியின் ஒட்டுத்தாள். அதில் பெயரைவிட வாய்பாட்டையும் மோலார் நிறையையும் கவனியுங்கள். நிறை 278 என்றால் ஏழு நீர், 152 என்றால் நீரற்றது, 170 என்றால் ஒரு நீர். இந்த ஓர் எண்ணே பாதி சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஒட்டுத்தாளில் சிஏஎஸ் எண் என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண், நீரேறியதற்கும் நீரற்றதற்கும்கூடத் தனித்தனி. ஏழு நீர் ஃபெரஸ் சல்பேட் 7782-63-0, நீரற்றது 7720-78-7. ஃபெரிக் குளோரைடு நீரற்றது 7705-08-0, ஆறு நீர் கொண்டது 10025-77-1. ஆறு நீர் கொண்ட மோர் உப்பு 7783-85-9. பொருள் வாங்கக் கடிதம் எழுதும்போது பெயரோடு இந்த எண்ணையும் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதினால் கடையில் எது இருக்கிறதோ அதுதான் வரும்.

இரண்டாவது பகுப்பாய்வுச் சான்றிதழ். அந்தத் தொகுதியின் (ஒரே முறையில் தயாரான சரக்கின்) தூய்மை சதவீதம் அதில் இருக்கும். தூய்மை 98 என்றால் எடுக்க வேண்டிய எடையை 0.98 ஆல் வகுக்க வேண்டும். மூன்றாவது பாதுகாப்புத் தரவுத்தாள். குறிப்பாக ஃபெரிக் குளோரைடுக்கு இதைப் படிக்காமல் புட்டியைத் திறக்காதீர்கள். அது அரிக்கும், கறை பிடித்தால் எளிதில் போகாது. நீரற்றதை நீரில் கரைக்கும்போது நன்றாகச் சூடேறும். ஆகவே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் சேர்க்க வேண்டும், உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது.

சில ஃபெரிக் சல்பேட் புட்டிகளில் நீருக்கு முன் எண் இராது, ஓர் எழுத்து மட்டும் இருக்கும். எவ்வளவு நீர் என்று உறுதியில்லை என்று பொருள். அந்தப் புட்டியை வைத்துத் துல்லியமான செறிவில் கரைசல் செய்ய முடியாது. தோராயமாகச் செய்து, பிறகு இரும்பின் அளவைத் தரம்பார்த்தல் மூலம் (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து) கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஃபெரிக் அம்மோனியம் படிகாரம் நல்ல மாற்று.

விலையை ஒப்பிடும்போது கிலோ விலையை அப்படியே ஒப்பிடாதீர்கள், உங்களுக்கு வேண்டியது இரும்பு. ஏழு நீர் ஃபெரஸ் சல்பேட் ஒரு கிலோவில் இரும்பு சுமார் 201 கிராம். ஒரு நீர் உப்பில் சுமார் 329 கிராம், நீரற்றதில் சுமார் 368 கிராம். அதாவது ஒரு நீர் உப்பின் விலை ஏழு நீர் உப்பைவிட 1.6 மடங்கு இருந்தாலும் இரும்புக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். மோர் உப்பில் இரும்பு ஏழில் ஒரு பங்குதான், கிராமுக்குக் கிராம் குறைவு. ஆனாலும் அளவறி சோதனைக்கு நான் மோர் உப்பைத்தான் பரிந்துரைப்பேன். காற்றில் அது எளிதில் ஃபெரிக் ஆகாது, ஃபெரஸ் சல்பேட்டோ எளிதில் ஃபெரிக் ஆகிவிடும். திறந்து பல நாள் ஆன ஃபெரஸ் சல்பேட் புட்டியில் படிகங்களின் மேல் மஞ்சள் பழுப்புப் பூச்சு படிந்திருந்தால், ஒட்டுத்தாளில் உள்ள வாய்பாடு இனி அந்தப் பொருளுக்குப் பொருந்தாது.

9. எடை போடுதல், நேரம்

எடுத்துக்காட்டாக 250 மில்லிலிட்டர் 0.1 மோலார் மோர் உப்புக் கரைசல். மோலார் நிறை 392.1, வேண்டிய அளவு 0.025 மோல், ஆக 9.80 கிராம்.

முதலில் குடுவையில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்துவிட்டு அப்புறம் உப்பைக் கரையுங்கள். வெறும் நீரில் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் கலங்கலாகிப் பழுப்பேறும், இரும்பின் ஒரு பகுதி ஃபெரிக் ஆகி ஹைட்ராக்சைடாகப் படியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நைட்ரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், அது ஃபெரஸை ஃபெரிக் ஆக்கிவிடும். பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடாது, குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழிக்கும். உப்பைச் சீக்கிரம் கரைக்க அடுப்பில் வைக்காதீர்கள். சூடு ஏற ஏற ஃபெரஸ் வேகமாக மாறும். கொதிக்க வைத்து ஆறவிட்ட நீரைப் பயன்படுத்தினால் அதில் கரைந்த ஆக்சிஜன் குறைவாக இருக்கும்.

ஃபெரஸ் கரைசலை வேண்டிய அன்றே தயாரிப்பது நல்லது. ஃபெரிக் குளோரைடில் அவசரம் வேறு இடத்தில். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துவிடும். தராசில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறிக்கொண்டிருக்கும். மூடிய எடைக்குப்பியில் எடுத்து, உடனே எடை போட்டு, புட்டியை உடனே மூடுங்கள். கரைசல் கலங்காமல் இருக்க இதற்கு மட்டும் கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கலாம்.

10. வாய்பாடு சரியா என்று பொருளிடமே கேளுங்கள்

கையில் இருப்பது ஃபெரஸா ஃபெரிக்கா என்ற சந்தேகம் சில துளிகளில் தீரும். பொட்டாசியம் தயோசயனேட் கரைசல் ஒரு துளி விடுங்கள். ரத்தச் சிவப்பு வந்தால் ஃபெரிக் இருக்கிறது. இன்னொரு சோதனைக் குழாயில் ஃபெரிசயனைடு விட்டு அடர்நீலம் வந்தால் ஃபெரஸ் இருக்கிறது. இரண்டும் வந்தால் பாதி மாறிப்போன பழைய உப்பு. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டாலும் தெரியும், ஃபெரஸ் அழுக்குப் பச்சையாகப் படியும், ஃபெரிக் செம்பழுப்பாகப் படியும். அந்தப் பச்சையைச் சற்று நேரம் காற்றில் விட்டுப் பாருங்கள், மேல் விளிம்பிலிருந்து பழுப்பு இறங்கி வரும்.

அளவும் தெரிய வேண்டுமானால் பெர்மாங்கனேட். ஒரு பெர்மாங்கனேட் ஐந்து ஃபெரஸுக்குச் சமம். ஆகவே 0.02 மோலார் பெர்மாங்கனேட்டும் 0.1 மோலார் மோர் உப்பும் சம கன அளவில் தீரும். 25 மில்லிலிட்டர் உப்புக் கரைசலுக்கு 25 மில்லிலிட்டர் பெர்மாங்கனேட் ஆனால் நீங்கள் எழுதிய வாய்பாடு, எண்ணிய நீர், போட்ட எடை மூன்றும் சரி. 24 தான் ஆனது, பெர்மாங்கனேட்டின் செறிவிலும் சந்தேகமில்லை என்றால், இரும்பில் சுமார் நான்கு சதவீதம் ஏற்கெனவே ஃபெரிக் ஆகிவிட்டது, அல்லது எடையில் அவ்வளவு குறைகிறது. தயோசயனேட் சோதனை எது என்று பிரித்துக் காட்டும்.

கரைசல் புட்டியில் ஒட்டும் தாளில் உப்பின் முழுப் பெயர், நீர் எண்ணிக்கையோடு வாய்பாடு, எடுத்த எடை, செறிவு, சேர்த்த அமிலம், தயாரித்த தேதி ஆறையும் எழுதுங்கள். அதே ஆறையும் ஆய்வக நோட்டிலும் எழுதி, பக்கத்திலேயே புட்டியின் தொகுதி எண்ணைக் குறித்துவிடுங்கள். அடுத்த புட்டி வேறு நீர் எண்ணிக்கையோடு வந்தால் பழைய கணக்கை அப்படியே எடுத்துப் போடாமல் இருக்க அந்தக் குறிப்பு ஒன்றே போதும்.